கூட்டினால் எட்டு

ஐந்து, ஐந்து, மூன்று, நான்கு.
கூட்டினால் பதினேழு. அதையும் கூட்டினால் எட்டு.
எட்டு சனியின் எண் என்று
எனக்கு முதல் வந்த மூவரும்
சாவியைத் தொடாமலே திரும்பிப் போனார்கள்.
நாலாவதாக நான்.
செட்டியார் தெருவில் பிறர் தங்கத்துக்குக் கணக்கெழுதுபவள்.
சனிக்கென்று எழுபத்தையாயிரம் கழித்து வாங்கினேன்.

டொயோட்டா கொரோலா. வெள்ளை.
முன் கண்ணாடி மூலையில்
யாரும் வாசிக்காத யப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்.
சாவியைத் திருகினால் உள்ளே ஒருத்தி பேசுவாள்,
மிக மரியாதையாக, ஒரே ஒரு வசனம்.
வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஞ்சிகாவத்தை நஸ்மி பாஸ்
பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்.
"இதால எனக்கு ஒரு உழைப்புமில்ல, தங்கச்சி.
ஒயில் மாத்த மட்டும் வாங்க."
அவர்தான் சொன்னார்:
கார் செய்ய முதல் அந்தக் குடும்பம் தறி செய்ததாம்,
ஒரு நூல் அறுந்தாலும்
தானாகவே நின்றுவிடும் தறி.
பிறகு பெயரில் ஓர் எழுத்தை மாற்றினார்களாம்,
எட்டுக் கோட்டில் எழுதி முடிக்கலாமென்று.
அங்கே எட்டு அதிர்ஷ்டம்.
மருதானைச் சந்தி தாண்டும்வரை
தனியே சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

சிரிப்பு அடங்கியபின் தறி வந்தது.
நூல் அறுந்தால் நிற்கிற இயந்திரம்.
இந்த ஊரில் எத்தனை நூல் அறுந்தது,
எது நின்றது?
அண்ணன் வீடு வராத இரவுக்கு மறுநாளும்
நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்
ஏழு பத்துக்கே வந்தது.
நானும் ஏறினேன்.
மாதக் கடைசி, கணக்கு முடிக்க இருந்தது.

பொரளைச் சோதனைச் சாவடி. மழை.
எஞ்சினை நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன்.
டிக்கியைத் திற என்றார்கள், திறந்தேன்.
ஒரு குடை, ஒரு மா மூட்டை, மூடினேன்.
மறுபடி சாவியைத் திருக, அவள் பேசினாள்.
துவக்கு நிமிர்ந்தது.
"கவுத?" என்றான். யாரது?
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்:
கார்தான், ஐயா. அதுக்குத் தமிழ் தெரியாது.
மீசை சரியாக முளைக்காத பையன்.
திரும்பவும் திருகச் சொன்னான். திரும்பவும்.
மூன்றாம் தரம் அவனும் சிரித்துவிட்டான்.
பிறகு
அடையாள அட்டையைக் கேட்டான்.

பெற்றோல் இல்லாத வருடத்தில்
கடைசி இலக்கம் நாலுக்கு வியாழனும் ஞாயிறும்.
வெள்ளவத்தை செட் வாசலில்
இரண்டு இரவு அதற்குள்ளேயே படுத்தேன்.
சீற் முழுதாகச் சாயும்; விற்றவர் சொல்லாத குணம்.
பக்கத்துக் காரில் துவாரகன்,
யப்பானுக்குப் போகவென்று பாஷை படிக்கிற பொடியன்.
வரிசை பத்தடி நகர, சாவியைத் திருகினேன்.
அவன் காதைச் சாய்த்தான்.
"அன்ரி, அட்டை செருகப்படேல்ல எண்டு சொல்லுது.
அங்கத்தைய பெரிய ரோட்டுக்குக் காசு கட்டுற அட்டை."

பதினாறு வருடம்.
ஒவ்வொரு காலையும் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.
நான் மற்றவர்களுக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

கப்பலில் கார் வருவதை நிறுத்தினார்கள்.
நான் கொடுத்த விலை மூன்று மடங்கானது.
போன கிழமை வத்தளையிலிருந்து ஒருவர் வந்தார்,
ரயரை உதைத்தார், கதவை இரண்டுதரம் சாத்திப் பார்த்தார்,
போனில் இலக்கத்தைத் தட்டிக் கூட்டினார்.
"எட்டு வருதே, அக்கா.
ரெண்டு இலட்சம் குறைக்க ஏலாதா?"
அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு கீழே போய்ச் சும்மா சாவியைத் திருகினேன்.
அட்டை இல்லையே என்றாள்.
இருக்கு, பிள்ளை.
கைப்பைக்குள்ளதான்.